வீட்டின் விலையும் தொட்டிச்செடியும்

வீடு வாங்கக் கொடுத்த முன்பணத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டு, இருபது வருடக் கடனிலிருந்து தப்பித்து, இருக்கிற இடத்திலேயே நாலு கத்தரிச்செடியும் தக்காளிச்செடியும் வைத்து நிம்மதியாக வாழ்ந்த கதை ஒன்று இன்று பல மொழிகளில் சொல்லப்படுகிறது. எளிய வாழ்க்கை, கடனற்ற வாழ்க்கை, மண்ணோடு வாழ்க்கை என்றெல்லாம் அதற்குப் பெயர். அந்தக் கதையில் நியாயம் இருக்கிறது. வீட்டுக்கடன் பல குடும்பங்களில் பெண்ணின் சம்பளத்தையும் நகையையும் முதலில் விழுங்குகிறது. பத்திரத்தில் அவள் பெயர் இருக்கிறதோ இல்லையோ, தவணையில் அவள் உழைப்பு இருக்கிறது. அதிலிருந்து விலகுவதை விடுதலை என்று ஒருத்தி சொன்னால் அதை மறுக்க நமக்கு உரிமை இல்லை.

ஆனால் அந்தக் கதை இரண்டு விஷயங்களைக் கேட்காமலே தாண்டிப் போகிறது. வாங்காமல் விடுவதற்கு, வாங்கும் வாய்ப்பு முதலில் இருந்திருக்க வேண்டும். தோட்டம் போடுவதற்கு மண் இருந்திருக்க வேண்டும். இவ்விரண்டும் மறுக்கப்பட்ட பெண்ணிடம் போய், வீட்டை விட்டுவிடு, செடி வை என்று சொன்னால் அதன் பொருள் முற்றிலும் வேறு. இந்த வேறுபாட்டை எனக்குத் தெரிந்து மிகத் தெளிவாகக் காட்டும் படைப்பு லொரெய்ன் ஹான்ஸ்பெரியின் 'எ ரெய்சின் இன் த சன்' (வெயிலில் ஓர் உலர்திராட்சை) நாடகம். அது ஒரு வீட்டை வாங்குவது பற்றியது. வாங்கியதிலிருந்து பின்வாங்கச் சொல்லி வரும் அழுத்தம் பற்றியது. ஜன்னலோரத்தில் வெயில் போதாமல் நிற்கும் ஒரு செடியைப் பற்றியதும்கூட.

1959 மார்ச் 11 அன்று நியூயார்க்கின் பிராட்வேயில் இந்நாடகம் மேடையேறியபோது ஹான்ஸ்பெரிக்கு வயது 28. கறுப்பினப் பெண் ஒருவர் எழுதி பிராட்வேயில் அரங்கேறிய முதல் நாடகம் அது. அந்த ஆண்டின் சிறந்த நாடகத்துக்கான நியூயார்க் நாடக விமர்சகர்கள் வட்டத்தின் விருது அதற்குக் கிடைத்தது. 1961இல் திரைப்படமாகவும் வந்தது. 1965இல், 34 வயதில், புற்றுநோயால் ஹான்ஸ்பெரி இறந்துபோனார். அதற்குப் பிறகு இந்த நாடகம் பாடப்புத்தகமாகிவிட்டது. பாடப்புத்தகமாகும் எல்லாவற்றுக்கும் நேர்வது இதற்கும் நேர்ந்தது: வால்டர் என்ற மகன் ஆண்மகனாகும் கதை என்று அது சுருக்கப்பட்டது. செடி ஒரு 'குறியீடு' ஆனது. பெண்கள் அவனைச் சுற்றி நிற்பவர்கள் ஆனார்கள். நாடகத்தின் பணக் கணக்கைப் பெண்களின் பக்கத்திலிருந்து மறுபடி எழுதிப் பார்த்தால் வேறொரு நாடகம் தெரிகிறது.

இரண்டு முன்பணங்கள்

கதை இதுதான். சிகாகோ நகரின் தெற்குப் பகுதியில் யங்கர் குடும்பம் ஓர் இருண்ட வாடகைக் குடியிருப்பில் வாழ்கிறது. ஐந்து பேர். கழிப்பறை பக்கத்துக் குடித்தனத்தோடு பொது. பேரன் டிராவிஸுக்குக் கூடத்து சோபாதான் படுக்கை. தாய் லீனா வெள்ளையர் வீடுகளில் வேலை செய்து உடல் தேய்ந்தவர். மருமகள் ரூத்தும் அதே வேலைதான் செய்கிறாள். மகன் வால்டர் லீ கார் ஓட்டுநர். மகள் பெனீத்தா மருத்துவராக விரும்பும் கல்லூரி மாணவி. லீனாவின் கணவர் இறந்ததால் காப்பீட்டுத் தொகை 10,000 டாலர் வருகிறது. அதை வைத்து என்ன செய்வது என்பதில்தான் குடும்பம் பிளவுபடுகிறது. வால்டருக்கு மதுக்கடை வைக்க வேண்டும். பெனீத்தாவுக்குப் படிப்பு. லீனாவுக்கு வீடு.

லீனா யாரையும் கேட்காமல் 3,500 டாலரை முன்பணமாகக் கட்டி ஒரு வீட்டை வாங்கிவிடுகிறார். அது க்ளைபோர்ன் பார்க் என்ற, வெள்ளையர் மட்டும் வாழும் பகுதியில் இருக்கிறது. இந்த முடிவை அவர் ஏன் அன்று, அவ்வளவு அவசரமாக எடுத்தார் என்ற கேள்விக்கு நாடகத்திலேயே விடை இருக்கிறது. அதற்கு முந்தைய காட்சியில் ரூத் கருவுற்றிருப்பது தெரியவருகிறது. அவள் போனது மருத்துவரிடம் அல்ல, கருக்கலைப்பு செய்யும் ஒரு பெண்ணிடம். அவளிடம் ஐந்து டாலர் முன்பணமும் கொடுத்துவிட்டு வந்திருக்கிறாள். இதை ரூத் தன் வாயாலேயே கணவனிடம் சொல்கிறாள். இல்லினாய் மாநிலத்தில் அன்று கருக்கலைப்பு குற்றம்.

ஆக, நாடகத்தில் இரண்டு முன்பணங்கள் இருக்கின்றன. ஒன்று 5 டாலர், இன்னொன்று 3,500 டாலர். ஹான்ஸ்பெரி இரண்டுக்கும் ஒரே சொல்லைத்தான் பயன்படுத்துகிறார். விமர்சகர்கள் பெரும்பாலும் இரண்டாவதைப் பற்றியே பேசியிருக்கிறார்கள். ஆனால் இரண்டாவது பிறந்ததே முதலாவதிலிருந்து. ஒரு பெண் தன் வயிற்றில் இருப்பதை வளர்க்க இடமில்லை என்று கணக்குப் போட்டு ஐந்து டாலர் கொடுக்கிறாள். இன்னொரு பெண் அந்தக் கணக்கைப் பொய்யாக்க 3,500 டாலர் கொடுக்கிறாள். குடும்பம் உடைந்துகொண்டிருப்பதைக் கண்டதால்தான் வீட்டை வாங்கினேன் என்று லீனா மகனிடம் விளக்குகிறார்.

இதை ஒரு தாயின் பெருந்தன்மை என்று மட்டும் படித்தால் போதாது. லீனாவின் செயலில் ஒரு பிடிவாதம் இருக்கிறது. ரூத்துக்கு என்ன வேண்டும் என்று அவர் கேட்கவே இல்லை. கருவைக் கலைப்பது உயிரைக் கொல்வது என்று தன் நம்பிக்கையின்படி முடிவு செய்கிறார், வீட்டை வாங்கிவிடுகிறார். வீட்டுச் செய்தி கேட்டதும் ரூத் மகிழ்ச்சியில் கூத்தாடுகிறாள், பிறகு மாமியாரிடம் ஒன்று கேட்கிறாள்: அங்கே நிறைய வெயில் வருமா? அதன் பிறகு அந்த ஐந்து டாலரை நாடகம் பெரிதாகப் பேசுவதில்லை. நல்ல வீடு கிடைத்தால் பெண்ணின் உடல் பற்றிய கேள்வி தானாகத் தீர்ந்துவிடும் என்று நாடகம் நினைக்கிறதோ என்ற சந்தேகம் இங்கே எழுகிறது. இது இந்தப் பிரதியின் பலவீனம் என்றே நான் நினைக்கிறேன். ஆனால் 1959இல், பிராட்வே மேடையில், திருமணமான ஒரு கறுப்பினப் பெண் தன் கருவைப் பற்றித் தானே போட்ட கணக்கை எழுதிவைத்தவரும் ஹான்ஸ்பெரிதான். எழுதிவைத்ததால்தான் இன்று நாம் அதைக் கேள்வி கேட்க முடிகிறது.

வாங்கியவர் யார்?

வீட்டை வாங்கியவர் லீனா. பணம் லீனாவின் பெயரில் வந்த காப்பீட்டுப் பணம். க்ளைபோர்ன் பார்க் குடியிருப்போர் சங்கத்திலிருந்து கார்ல் லிண்ட்னர் என்ற வெள்ளையர் வரும்போது திருமதி லீனா யங்கர் என்றுதான் கேட்டு வருகிறார். அவர் வெளியே போயிருக்கிறார். வால்டர் டையைச் சரிசெய்துகொண்டு, அம்மாவின் விவகாரங்களைப் பெரும்பாலும் நான்தான் கவனிக்கிறேன் என்று சொல்லி எதிரே உட்காருகிறான். அந்த ஒரு வசனத்தில் வாங்கியவர் மாறிவிடுகிறார். அதுவரை லீனாவுடையதாக இருந்த விவகாரம் அந்த நிமிடத்திலிருந்து வால்டருக்கும் லிண்ட்னருக்கும் இடையிலான விவகாரம்.

அந்த வீடு எதிர்காலத்தில் யாருக்கு என்பதும் அப்படித்தான். வீடு வாங்கிய செய்தியை லீனா முதலில் பேரனிடம்தான் சொல்கிறார். நீ பெரிய ஆளானதும் அது உனக்குத்தான் என்கிறார். தாத்தாவின் உயிருக்கு வந்த பணம், பேரனுக்குப் போகும் வீடு. நடுவில் நிற்கும் மூன்று பெண்களில் யாருக்கும் இந்தச் சங்கிலியில் இடமில்லை. மருத்துவராகப் போகும் பெனீத்தாவுக்குக்கூட இல்லை. அவளுடைய படிப்புக்கென்று 3,000 டாலரை ஒதுக்கி வைக்கச் சொல்லி லீனா மீதமுள்ள 6,500 டாலரையும் மகன் கையில் கொடுக்கிறார். இனி நீதான் இந்தக் குடும்பத்தின் தலைவன் என்கிறார். வால்டர் அதில் ஒரு பைசாவையும் வங்கியில் போடாமல் முழுவதையும் நண்பனிடம் கொடுத்து ஏமாறுகிறான். தலைவன் பதவியைக் கொடுத்ததற்குத் தண்டம் கட்டியது பெனீத்தாவின் படிப்பு. இந்தக் கணக்கை நாடகம் மறைக்கவில்லை. மறைத்தது, வால்டரின் எழுச்சியை மட்டும் கொண்டாடிய வாசிப்புகள்தான்.

ஹான்ஸ்பெரியின் சொந்தக் குடும்ப வரலாறும் இதையே சொல்கிறது. அவருடைய தந்தை கார்ல் ஹான்ஸ்பெரி 1937இல் சிகாகோவில் வெள்ளையர் பகுதியில் ஒரு வீடு வாங்கினார். கறுப்பினத்தவருக்கு விற்கவோ வாடகைக்கு விடவோ மாட்டோம் என்று அந்தப் பகுதியின் சொத்துக்காரர்கள் செய்துகொண்ட ஒப்பந்தத்தைக் காட்டி அவர்கள்மீது வழக்குப் போடப்பட்டது. அந்த வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போய், 1940இல் ஹான்ஸ்பெரி குடும்பத்துக்குச் சாதகமாக முடிந்தது. ஆனால் அப்படிப்பட்ட ஒப்பந்தங்களே செல்லாது என்று நீதிமன்றம் அன்று சொல்லவில்லை. அவற்றை நீதிமன்றங்கள் அமல்படுத்தக் கூடாது என்ற தீர்ப்பு 1948இல்தான் வந்தது.

சட்டப் புத்தகத்தில் அந்த வழக்குக்குத் தந்தையின் பெயர் நிலைத்திருக்கிறது. ஆனால் பல ஆண்டுகள் கழித்து ஹான்ஸ்பெரி எழுதிய ஒரு கடிதத்தில் வேறொரு காட்சி இருக்கிறது. தந்தை வாஷிங்டனில் நீதிமன்றப் போரை நடத்திக்கொண்டிருந்தபோது, தாய் நானி ஹான்ஸ்பெரி குண்டு நிரப்பிய ஜெர்மன் கைத்துப்பாக்கியுடன் இரவு முழுவதும் வீட்டைச் சுற்றிவந்து நான்கு குழந்தைகளைக் காவல் காத்தார். மரியாதைக்குரிய போர் என்று தந்தையுடையதற்குப் பெயர். தாயின் போருக்குப் பெயர் இல்லை. எந்தத் தீர்ப்பிலும் அது பதிவாகவில்லை. வீடு வாங்குவது ஆணின் சாதனையாகவும், வாங்கிய வீட்டைக் காப்பது பெண்ணின் இயல்பாகவும் பிரிக்கப்படும் இடம் இது. ஹான்ஸ்பெரி இதைச் சிறுமியாகவே பார்த்தவர்.

பின்வாங்கச் சொல்பவர்கள்

லிண்ட்னர் கத்துவதில்லை, மிரட்டுவதில்லை. அவர் மிகவும் பணிவானவர். அவரவர் இனத்தோடு அவரவர் வாழ்ந்தால் எல்லோருக்கும் மகிழ்ச்சி என்கிறார். நீங்கள் கட்டியதைவிட அதிகமாகவே கொடுத்து வீட்டைத் திரும்ப வாங்கிக்கொள்கிறோம் என்கிறார். பின்வாங்குவது லாபகரமாக ஆக்கப்படுகிறது. 'சைவர்களுக்கு மட்டும்' என்ற வாடகைப் பலகையைத் தெருவில் கண்டு திரும்பியவர்களுக்கு இந்தப் பணிவின் ருசி தெரியும்.

லீனா அந்தப் பகுதியைத் தேர்ந்தெடுத்தது வெள்ளையரோடு வாழ வேண்டும் என்ற ஆசையினால் அல்ல. கறுப்பினத்தவருக்கென்று ஊருக்கு வெளியே கட்டப்படும் வீடுகளின் விலை இரண்டு மடங்காக இருக்கிறது, தன் பணத்துக்குக் கிடைத்த நல்ல வீடு இதுதான் என்பது அவர் சொல்லும் காரணம். இது வெறும் வசனம் அல்ல. அன்றைய சிகாகோவில் வங்கிகள் கறுப்பினத்தவர் பகுதிகளுக்குக் கடன் தர மறுத்தன. அதனால் பலர் ஒப்பந்த முறையில் வீடு வாங்கினார்கள். கடைசித் தவணை கட்டி முடியும்வரை பத்திரம் விற்பவரிடமே இருக்கும். ஒரு தவணை தவறினால் வீடும் போகும், கட்டிய பணமும் போகும். கறுப்பினத்தவராக இருப்பதற்கே தனியாக ஒரு விலை இருந்தது. 1960-களில் இந்த நாடகத்தை நடுத்தர வர்க்க ஆசை என்று ஒதுக்கிய எழுத்தாளர் அமிரி பராக்கா 1980-களில் தன் கருத்தை மாற்றிக்கொண்டு எழுதினார். லீனாவின் விலைக் கணக்கைக் கவனமாகக் கேட்டிருந்தால் அந்த முதல் தீர்ப்புக்கே இடமிருந்திருக்காது.

பணம் தொலைந்த பிறகு பின்வாங்க நினைக்கும் முதல் ஆள் வால்டர் அல்ல, லீனாதான். பலரும் கவனிக்காமல் விடும் இடம் இது. சாமான் ஏற்ற வருபவர்களை வர வேண்டாம் என்று சொல்லிவிடலாம் என்கிறார். நான் எப்போதும் அளவுக்கு மீறி ஆசைப்படுபவள் என்று சிறு வயதிலேயே ஊரில் சொன்னார்கள் என்று நினைவுகூர்கிறார். இந்தப் பழைய வீட்டிலேயே புதுத் திரைச்சீலை போட்டு, கொஞ்சம் சீர்செய்து இருந்துவிடலாம் என்று பேசத் தொடங்குகிறார். இன்றைய எளிய வாழ்க்கைக் கட்டுரைகள் சொல்லும் அதே வார்த்தைகள்: இருப்பதை வைத்து அழகாக வாழலாம். ஆனால் லீனாவின் வாயில் அது தோல்வியின் மொழி. ஆசைப்பட்டதற்காகத் தன்னைத் தானே தண்டித்துக்கொள்ளும் மொழி.

அதைத் தடுப்பவள் ரூத். மாதத் தவணை 125 டாலர்தான், நாம் நான்கு பேர் பெரியவர்கள் இருக்கிறோம், உழைக்கலாம் என்கிறாள். குழந்தையை முதுகில் கட்டிக்கொண்டாவது சிகாகோவின் எல்லாச் சமையலறைகளிலும் வேலை செய்கிறேன், ஆனால் இங்கிருந்து போயே ஆக வேண்டும் என்று கெஞ்சுகிறாள். அந்த நான்கு பேரில் ஒருத்தி கருவுற்றவள், ஒருவர் அறுபதைத் தாண்டியவர், ஒருத்தி மாணவி. லிண்ட்னருக்கு வால்டர் பதில் சொல்வதற்கு முன்பே, அந்தப் பதிலுக்கான விலையை ரூத் தன் உடலின் பெயரில் எழுதிக்கொடுத்துவிட்டாள்.

பிறகு வால்டர் லிண்ட்னரை வரவழைக்கிறான். பணத்தை வாங்கிக்கொள்ளத்தான் அழைத்தான். லீனா பேரனை வெளியே அனுப்ப மறுக்கிறார். நீ செய்வதை உன் மகன் பார்க்கட்டும் என்கிறார். மகனின் முன்னால் வால்டரால் அந்தப் பணத்தை வாங்க முடியவில்லை. என் அப்பா உழைத்துச் சம்பாதித்த வீடு, நாங்கள் குடிவருகிறோம் என்கிறான். இன்று அவன் ஆண்மகன் ஆனான் என்ற பொருளில் லீனா ரூத்திடம் பெருமையாகச் சொல்கிறார். நாடகம் உச்சமடைவதாகப் பாடப்புத்தகம் சொல்லும் இடம் இது. வால்டரின் அந்த மறுப்பு உண்மையானது, மதிக்கத்தக்கது. ஆனால் அது அவன் தனியாகக் கண்டெடுத்தது அல்ல. பையனை அங்கே நிறுத்தியவர் லீனா, தவணையை ஏற்றவள் ரூத். லீனா இந்த வெற்றிக்கு ஆண்மை என்று பெயர் வைக்கிறார் என்றால், பெண்களின் உழைப்புக்கு வைக்க அவருக்குச் சொல்லே தரப்படவில்லை என்று பொருள்.

முதல் மேடையேற்றத்தில் ஒரு காட்சி வெட்டப்பட்டது. பக்கத்து வீட்டு திருமதி ஜான்சன் செய்தித்தாளோடு வருகிறார். வெள்ளையர் பகுதிக்குக் குடிபோன ஒரு கறுப்பினக் குடும்பத்தின் வீட்டில் வெடிகுண்டு வெடித்த செய்தி அதில் இருக்கிறது. பின்னால் வந்த முழுப் பதிப்புகளில் இந்தக் காட்சி சேர்க்கப்பட்டிருக்கிறது. அது இல்லாமல் பார்த்தவர்களுக்கு முடிவு மங்களகரமாகத் தெரிந்ததில் வியப்பில்லை. அந்தக் காட்சியோடு படித்தால், இவர்கள் போகும் வீட்டில் இரவுக் காவல் தேவைப்படும், அந்தக் காவலை யார் காப்பார்கள் என்பது நானி ஹான்ஸ்பெரியை அறிந்த நமக்குத் தெரியும்.

செடி எதற்கு?

அமெரிக்க இலக்கியத் தாளில் இந்நாடகத்தைப் படிக்கும் மாணவியருக்கு 'லீனாவின் செடி எதன் குறியீடு' என்பது பழக்கமான கேள்வி. நம்பிக்கை, குடும்பம், கனவு என்று விடை எழுதலாம், மதிப்பெண்ணும் வரும். ஆனால் நாடகத்தில் செடி முதலில் ஒரு வேலை. லீனா மேடைக்கு வந்ததும் ஜன்னலைத் திறந்து, செடியை உள்ளே எடுத்து, மண்ணைத் தொட்டுப் பார்க்கிறார். வேலைக்குப் போய்த் திரும்பி, சமைத்து, சண்டைகளைத் தீர்த்து, அதற்கிடையில் அதற்கும் தண்ணீர் ஊற்றுகிறார். சம்பளம் இல்லாத, யாரும் கேட்காத, தனக்கென்று அவர் செய்துகொள்ளும் ஒரே வேலை அது.

தெற்கே ஊரில் வீடுகளுக்குப் பின்னால் பார்த்த தோட்டங்கள் போல ஒன்று தனக்கும் வேண்டும் என்று எப்போதும் ஆசைப்பட்டதாகவும், இந்தச் செடி மட்டுமே அதற்குப் பக்கத்தில் வந்தது என்றும் அவர் சொல்கிறார். கல்யாணமான புதிதில் கணவரோடு சேர்ந்து மார்கன் பார்க் பகுதியில் ஒரு சின்ன வீடு வாங்கி, பின்னால் ஒரு தோட்டம் போடத் திட்டமிட்டிருந்தார். ஓராண்டுக்கு மேல் இருக்கப்போவதில்லை என்று குடிவந்த வாடகை வீட்டில் வாழ்நாளே கழிந்துவிட்டது. ஆக, லீனாவின் ஆசையில் வீடும் தோட்டமும் தனித்தனி அல்ல. ஆனால் அவற்றுக்கு ஒரு வேறுபாடு இருக்கிறது. வீட்டுக்கு லிண்ட்னரால் விலை சொல்ல முடிகிறது. வீடு சந்தைக்குள் இருப்பது, இன்று வாங்கி நாளை விற்கலாம். செடிக்கு யாரும் விலை சொல்வதில்லை. பெனீத்தா அதை நோஞ்சான் செடி என்று கேலி செய்கிறாள். லீனாவோ, அது நான்தான் என்ற பொருளில் பதில் சொல்கிறார்.

குடிபோகும் நாளில் குடும்பத்தார் அவருக்குத் தோட்ட வேலைக்கான கருவிகளைப் பரிசாகக் கொடுக்கிறார்கள். பேரன் தோட்டக்காரிகள் போடும் பெரிய தொப்பி ஒன்றைக் கொடுக்கிறான். கிறிஸ்துமஸ் இல்லாத நாளில் லீனாவுக்கு வாழ்நாளில் கிடைக்கும் முதல் பரிசு அது. வீடு குடும்பத்துக்கு. கருவிகள் அவருக்கு. பத்திரம் பேரனுக்குப் போகலாம், ஆனால் மண்வெட்டி அவர் கையில். நாடகத்தின் கடைசியில் எல்லோரும் போன பிறகு அவர் திரும்பி வந்து எடுப்பதும் செடியைத்தான்.

பூவும் காயும்

லீனா ஊரில் பார்த்த அந்தத் தோட்டங்கள் யாருடையவை என்று கேட்டால் ஆலிஸ் வாக்கரிடம் ஒரு பதில் கிடைக்கும். 1974இல் அவர் எழுதிய, தாய்மார்களின் தோட்டங்களைத் தேடிப்போகும் புகழ்பெற்ற கட்டுரையில் தன் தாயைப் பற்றிப் பேசுகிறார். ஜார்ஜியா மாநிலத்தில் வாரத்துக்குப் பயிர் செய்த குடும்பம். இடிந்த வீடுகளிலிருந்து இடிந்த வீடுகளுக்கு மாறிக்கொண்டே இருந்தார்கள். எந்த வீடும் அவர்களுடையது அல்ல. ஆனால் போன இடமெல்லாம் அந்தத் தாய் தோட்டம் போட்டார். ஐம்பதுக்கும் மேற்பட்ட வகைச் செடிகள். வயலுக்குப் போவதற்கு முன்பும், வயலிலிருந்து வந்து இருட்டும்வரையும் அவர் தோட்டத்தில் நின்றார். எழுதவும் வரையவும் இடமில்லாத பெண்கள் தங்கள் கலையை எங்கே வைத்தார்கள் என்ற கேள்விக்கு வாக்கர் இந்தத் தோட்டத்தைக் காட்டுகிறார். தனி அறையும் வருமானமும் வேண்டும் என்ற வர்ஜீனியா வுல்ஃபின் வாதத்தைத் தன் உடல்கூடத் தனக்குச் சொந்தமில்லாமல் இருந்த அடிமைப் பெண்ணின் முன்னால் வைத்துக் கேள்வி கேட்கிறார்.

இது பெண்ணியம் பெற்ற முக்கியமான கட்டுரைகளில் ஒன்று. ஆனாலும் அதில் ஒரு நெருடல் உண்டு. அதே தாய் கோடை முழுவதும் காய்கறியும் பழமும் பதப்படுத்தி வைத்தார் என்பது ஒரு வரியில் வந்து போகிறது. பூக்களுக்குப் பத்திகள் கிடைக்கின்றன. பூ கலை, காய் வீட்டு வேலை. இந்தப் பிரிவினையை நாம் ஏற்க வேண்டியதில்லை. குளிர்காலத்தில் எட்டுக் குழந்தைகளின் தட்டில் எதை வைப்பது என்று கோடையிலேயே கணக்கிடும் மூளையும், எந்தப் பூவுக்குப் பக்கத்தில் எந்தப் பூ என்று தீர்மானிக்கும் மூளையும் ஒன்றுதான். இன்னொன்றும் இருக்கிறது. வாரக்குடி வீட்டை விட்டுப் போகும்போது தோட்டம் நிலக்காரனுக்கே சேர்கிறது. வாக்கரின் தாய் ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருந்தது. அந்த விடாமுயற்சியைப் போற்றும்போது, அதைத் தேவையாக்கிய நில உறவை மறந்துவிடக் கூடாது.

மறக்காதவர் ஃபேனி லூ ஹேமர். மிசிசிப்பி மாநிலத்தில் பருத்தித் தோட்டத்தில் 18 ஆண்டுகள் உழைத்தவர். 1962 ஆகஸ்ட் 31 அன்று வாக்காளராகப் பதிவு செய்ய முயன்றார் என்பதற்காக அன்றிரவே தோட்டக்காரரால் வீட்டைவிட்டு வெளியேற்றப்பட்டார். அந்தக் குளிர்காலத்தில் அதே மாநிலத்தின் லெஃப்ளோர் மாவட்டத்தில், கறுப்பினத்தவர் வாக்குரிமை கேட்டதால், ஏழைகளுக்கு வழங்கப்பட்டுவந்த அரசின் இலவச உணவுப்பொருள் விநியோகத்தை மாவட்ட நிர்வாகம் நிறுத்தியது. வீடும் சோறும் இன்னொருவன் கையில் இருக்கும்வரை வாக்குச்சீட்டு நம் கையில் இருக்க முடியாது என்பதை ஹேமர் இப்படிக் கற்றுக்கொண்டார்.

1969இல் 40 ஏக்கரில் அவர் 'ஃப்ரீடம் ஃபார்ம்' என்ற கூட்டுறவுப் பண்ணையைத் தொடங்கினார். கீரையும் பயறும் அவரையும் பயிரிட்டு ஏழைக் குடும்பங்களுக்குக் கொடுத்தார்கள். ஏழை வெள்ளையருக்கும் கொடுத்தார்கள். கறுப்பினப் பெண்களின் தேசிய மன்றத்தின் உதவியோடு ஒரு 'பன்றி வங்கி' நடந்தது. ஒரு குடும்பம் பன்றியை எடுத்துச் சென்று வளர்த்து, குட்டிகளில் சிலவற்றை அடுத்த குடும்பத்துக்குக் கொடுக்கும். கொல்லையில் காய்கறியும் ஒரு பன்றியும் இருக்கிற குடும்பத்தை யாரும் பட்டினி போட்டுப் பணியவைக்க முடியாது என்பது அவருடைய வாதம். பண்ணை 600 ஏக்கருக்கு மேல் வளர்ந்தது. ஏழைக் குடும்பங்கள் வீடு பெறவும் அது உதவியது. வீடா, தோட்டமா என்ற கேள்வியே அவருக்கு எழவில்லை. இயற்கைச் சேதம், நிதித் தட்டுப்பாடு, கடன் எல்லாம் சேர்ந்து 1970-களின் நடுவில் பண்ணையை முடித்துவைத்தன. 1977இல் ஹேமர் இறந்தார். பண்ணை தோற்றது என்று எழுதுபவர்கள் உண்டு. காய்கறித் தோட்டத்தை ஒரு பெண்ணின் பொழுதுபோக்கிலிருந்து எடுத்து அதிகாரம் பற்றிய கேள்வியாக அது மாற்றியது என்பதும் அதே அளவு உண்மை.

கேட்க வேண்டியவை

இந்த மூன்று பெண்களையும் வரிசையாக வைத்துப் பார்த்தால், வீட்டை விட்டுவிட்டுச் செடி வைத்த நிம்மதிக் கதையை எப்படிப் படிப்பது என்பது புரியும். லீனாவிடம் செடி இருந்தது, மண் இல்லை. வாக்கரின் தாய்க்கு மண் இருந்தது, சொந்தம் இல்லை. ஹேமர் மண்ணையும் சொந்தத்தையும் சேர்த்துக் கேட்டார், ஒருத்திக்கு மட்டும் அல்லாமல் எல்லோருக்குமாகக் கேட்டார். தோட்டம் எப்போதும் சொத்துக்கு மாற்று அல்ல. பல நேரங்களில் அது சொத்து மறுக்கப்பட்டவர்களிடம் மிஞ்சியது.

அதனால் ஒரு பெண் வீட்டை வாங்காமல் விட்டாள், தோட்டம் போட்டாள் என்று படிக்கும்போது அவளை உடனே பாராட்டவும் வேண்டாம், பரிதாபப்படவும் வேண்டாம். சில கேள்விகளைக் கேட்போம். அவள் விட்டாளா, விடவைக்கப்பட்டாளா? வாங்கியிருந்தால் பத்திரம் யார் பெயரில் இருந்திருக்கும், தவணை யார் சம்பளத்திலிருந்து போயிருக்கும்? இப்போது அந்தத் தோட்டத்து மண் யாருடையது? வீட்டுக்காரர் காலி செய்யச் சொன்னால் காய்க்கிற செடி என்ன ஆகும்? காலையில் தண்ணீர் ஊற்றுவது யார், காயைப் பறித்துச் சமைப்பது யார், அதை எளிய வாழ்க்கை என்று மேடையில் பேசுவது யார்? இந்தக் கேள்விகளுக்கு அவள் பக்கம் பதில் இருந்தால், அவள் பின்வாங்கியது ஒரு முடிவு. இல்லையென்றால் அது லிண்ட்னரின் வெற்றி.

இந்த நாடகத்தை வகுப்பில் படிக்கும் மாணவியர், செடி எதன் குறியீடு என்று கேட்கப்பட்டால் விடையை எழுதிவிட்டு, அதன் கீழே இன்னொரு வரியும் சேர்க்கலாம்: அந்த ஜன்னலுக்கு வாடகை கட்டியது யார், செடிக்குத் தண்ணீர் ஊற்றியது யார். அதற்கு மதிப்பெண் கிடைக்காமல் போகலாம். ஆனால் அந்த வரியோடுதான் லீனாவின் கணக்கு சரியாகிறது.